தொப்பியில் விழ வேண்டிய சாவி

"காளைக் கதவோட கீல் கத்துது, பிரிமி. கொஞ்சம் எண்ணெய் விடு," என்றார் இலாரியோ.

"விட்டாச்சு. மழையில மரம் ஊறிப்போச்சு, அதான் கத்துது," என்றேன் நான்.

எங்கள் காதல் இப்படித்தான் ஆரம்பித்தது, சார்ஜென்ட் ஐயா. நேற்று இதைச் சொன்னபோது தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தீர்கள். பிறகு ரிப்பனில் மை தீர்ந்துவிட்டது, எல்லாவற்றையும் நாளைக்கு முதலிலிருந்து சொல்ல வேண்டும் என்றீர்கள். எனக்குச் சிரமமில்லை. நேற்று ஒன்றிரண்டு விவரம் விட்டுப்போயிருந்தது, அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறு, செப்டம்பர் எட்டு, மாதா திருநாள் காலை. அவருக்கு இருபத்தாறு வயது, எனக்கு இருபத்துமூன்று. அவர் தன் கருப்பு வெல்வெட் உடுப்பை என்னிடம் இஸ்திரிக்குக் கொடுத்திருந்தார். நான் அதைத் திருப்பித் திருப்பி, ஆவியில் காட்டி, சுருக்கம் எடுத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் நான் கேட்டேன். பெண் முதலில் கேட்கலாமா என்று நினைக்காதீர்கள். கேட்ட விதம் கௌரவமாகத்தான் இருந்தது.

"உங்க அம்மாவும் போயாச்சு. வீட்டுல ஒரு ஆள் வேணாமா உங்களுக்கு?"

அவர் குதிரையின் காதைத் தடவிவிட்டார். அப்புறம் சொன்னார்:

"இன்னைக்குச் சாவி தொப்பியில விழட்டும், பிரிமி. அப்புறம் பார்க்கலாம்."

ஒரு ஆண் இதற்கு மேல் தெளிவாக எப்படிச் சொல்ல முடியும்? அன்றைக்கே கல்யாணப் பெட்டியைத் திறந்து முதல் படுக்கை விரிப்பில் அவர் பெயரின் முதல் எழுத்தையும் என் பெயரின் முதல் எழுத்தையும் சேர்த்துப் பின்ன ஆரம்பித்தேன்.

நீங்கள் கடற்கரைப் பக்கத்துக்காரர், வால்டெகோர்சாவுக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. அதனால் சொல்கிறேன். எங்கள் காளைத் திடலுக்கு நானூறு வயது. அது முழு வட்டமாக இருக்காது. ஒரு பக்கம் மாதா கோயில் சுவர் வந்து அதை வெட்டுகிறது, ஒரு துண்டு நறுக்கி எடுத்த பாலாடைக்கட்டி மாதிரி. அந்தச் சுவரில் சின்ன ஜன்னல் ஒன்று உண்டு. மாதாவும் காளைச் சண்டை பார்ப்பதற்காக வருடத்தில் ஒரு மாலை மட்டும் அதைத் திறப்போம். அதைத் திறப்பது நான். மணலை வாருவது, சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது, காளைக் கதவின் தாழ்ப்பாளை இழுப்பது எல்லாமே நான்தான். எனக்கு முன்னால் என் அப்பா. பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் திடல்தான் பழையது என்பார்கள், அதற்கு ஒரு கல்வெட்டையும் காட்டுவார்கள். அந்தக் கல்வெட்டைச் செதுக்கிக் கொடுத்தது என் அப்பாவின் சித்தப்பா.

சண்டை தொடங்கும் முன் இறகுத் தொப்பி வைத்த ஒருவர் குதிரையில் வந்து மேயரின் மாடத்துக்குக் கீழே நிற்பார். தொப்பியைக் கழற்றி நீட்டுவார். மேயர் மேலேயிருந்து காளைக் கதவின் சாவியை எறிவார். அது தொப்பியில் விழ வேண்டும். விழுந்தால் பேண்டு வாசிக்கும், அந்த வருடம் விளைச்சல் நன்றாக இருக்கும். மண்ணில் விழுந்தால் அவர் குதிரையிலிருந்து இறங்கி, சாவியை எடுத்து முத்தமிட்டு, வெயில் பக்கத்து ஜனங்களின் சீட்டியைக் கேட்டுக்கொண்டே அதை என்னிடம் கொண்டுவர வேண்டும். அந்தச் சாவியால் எந்தக் கதவும் திறக்காது. கதவுக்கு மரத் தாழ்ப்பாள்தான். ஆனால் சாவி கைக்கு வராமல் நான் தாழ்ப்பாளைத் தொட மாட்டேன். ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறது.

சாவி மண்ணில் விழுந்த வருடத்தில் சாவி ஏந்துபவன் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது. அப்படி ஒருவர் பண்ணிக்கொண்டாராம், என் கொள்ளுத்தாத்தா காலத்தில். ஐந்தாவது மாதம் அவர் மனைவி ரொட்டி சுடுகிறவரோடு போய்விட்டாள். அதற்கப்புறம் எங்கள் ஊரில் யாரும் துணிந்ததில்லை.

இலாரியோவின் குடும்பம்தான் நாலு தலைமுறையாகச் சாவி ஏந்துகிறது. அறுபத்தாறில் சாவி மண்ணில் விழுந்தது. அறுபத்தேழிலும் விழுந்தது. அறுபத்தெட்டில் அது டிராம்போன் வாசிப்பவரின் முழங்காலில் பட்டது.

அப்போது மேயர் தோன் அபுந்தியோ. நல்ல மனுஷர், குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுப்பார். ஆனால் கோழிக்குத் தீனி போடுகிற மாதிரி சாவியை எறிவார். மூன்று வருடம் பார்த்தேன். இவர் இருக்கிற வரைக்கும் எனக்குக் கல்யாணம் ஆகாது என்பது கணக்குப் போடாமலே தெரிந்தது. அவருக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை, இன்னும் இருபது வருடம் இருப்பார். அந்த டிசம்பரில் மாடத்து அறையில் கூடும் ஊர்சபைக் கூட்டத்துக்கு முந்திய நாள் அதன் படிக்கட்டைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். கழுவுவது என் வேலை. அலசவில்லை, அவ்வளவுதான். விழுந்தவர் கிறிஸ்துமஸ் வரைதான் இருந்தார், அதுவும் படுக்கையில். நான் இரண்டு தடவை கோழி சூப் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அடுத்து வந்தவர் மருந்துக்கடைக்காரர், தோன் காஸ்தோ. அவருக்கு வலது தோளில் வாதம். நான் அவசரக்காரி என்று யாராவது சொன்னால் தோன் காஸ்தோ விஷயத்தை அவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள். பத்து வருடம் பொறுத்தேன். குளிர்காலத்தில் ஞாயிறுதோறும் அவரைத் திடலுக்கு வரவழைத்து, மாடத்துக்குக் கீழே நான் ரொட்டிக் கூடையைப் பிடித்துக்கொண்டு நிற்க, எறியப் பழக்கினேன். தோளுக்குத் தைலம் தேய்த்துவிட்டது அவர் மனைவி, தைலம் காய்ச்சிக் கொடுத்தது நான். கூடையில் பத்துக்கு ஏழு விழும். திருநாள் அன்று தொப்பியில் விழாது.

அந்தப் பத்து வருடத்தில் இலாரியோவும் என்னைப் போலவே தவித்தார். எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். ஒவ்வொரு வருடமும் திருநாளுக்கு மறுநாள் சாயங்காலம் சோம்பு போட்ட ரோஸ்கியா வளையப் பலகாரத்தைத் தாளில் கட்டி எடுத்துக்கொண்டு என் வாசலுக்கு வருவார். தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே நிற்பார்.

"பிரிமி, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"சாவி விழட்டும். அப்புறம் கேளுங்க," என்பேன். சம்பிரதாயப்படி பெண் கேட்கிற வார்த்தையை மண்ணில் சாவி விழுந்த வருடத்தில் வாயிலிருந்து வரவிடலாமா? அபசகுனம். ஒரு தடவை அவர் விடாமல், "இல்ல, இப்பவே சொல்லிடறேன்" என்று ஆரம்பித்தார். நான் என் கையாலேயே அவர் வாயைப் பொத்திவிட்டேன். அந்தச் சமயத்தில் அவர் மீசை என் உள்ளங்கையில் பட்டது. அதை நினைத்துக்கொண்டு அந்தக் குளிர்காலம் முழுவதும் நிம்மதியாகத் தூங்கினேன்.

எழுபத்துமூன்றில் சூட்கேஸோடு வந்தார். அந்த நாளில் நம் ஆட்கள் எல்லாம் ஜெர்மனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவரும் விசாரித்து வைத்திருந்தாராம், மறுநாள் காலை பஸ்ஸாம். எனக்கு உடனே புரிந்தது. நமக்காக வீடு கட்டப் பணம் சேர்க்க நினைக்கிறார். "பணம் எதுக்கு, இருக்கறது போதும்" என்று சொல்லி அந்தச் சூட்கேஸை வாங்கி என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். உள்ளே அவருடைய கடவுச்சீட்டும் இருந்தது. இப்போதும் பத்திரமாக இருக்கிறது.

எழுபத்தாறில் ஒரு பெண்ணைக் கூட அழைத்து வந்தார். பெயர் அஸுன்தா, சித்தப்பா மகள் என்றார். நல்ல பெண். இரண்டு ரோஸ்கியா சாப்பிட்டாள், என் விரிப்புகளை எடுத்துக் காட்டியதும் அழுதாள். எங்கள் காதலை நினைத்து உருகிவிட்டாள் போலிருக்கிறது. அவளை நான் ஒன்றும் செய்யவில்லை, அதைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள். பஸ் நிறுத்தம் வரை கூடவே போய் ஏற்றிவிட்டேன். பஸ்ஸுக்கு நிறைய நேரம் இருந்தது. எங்கள் விஷயத்தை அவளிடம் முதலிலிருந்து சொன்னேன், தோன் அபுந்தியோவின் படிக்கட்டு உட்பட. அவள் மறுபடி எங்கள் ஊர்ப்பக்கம் வரவில்லை.

தோன் காஸ்தோவுக்குக் காளான் ரொம்பப் பிடிக்கும். எழுபத்தெட்டு நவம்பரில் பைன் காட்டிலிருந்து ஒரு கூடை பறித்து வந்து, பூண்டும் ஒயினும் ஊற்றி நானே சமைத்தேன். கூடையில் இரண்டு வேறு ஜாதிக் காளானும் இருந்தன. எனக்குத் தெரியும். மருந்துக்கடைக்காரர், அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவர் இன்னும் கொஞ்சம் கேட்டார். விருந்தாளி கேட்டு இல்லை என்று சொல்கிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

நீங்கள் தண்ணீர் குடியுங்கள், ஐயா. நான் இருக்கிறேன்.

மூன்றாமவர் தோன் எலாதியோ. ஒயின் செய்கிறவர், இடது கைக்காரர், திருநாள் அன்று காலையிலிருந்தே சோம்புச் சாராயம் குடிக்கிறவர். அவர் எறிந்த சாவி ஒரு வருடம் ஜன்னல் வழியாக உள்ளே போய் மாதாவின் காலடியில் விழுந்தது. அதை நல்ல சகுனம் என்று அறிவித்துத் தனக்குத்தானே கைதட்டிக்கொண்டார். எட்டு வருடம். எனக்கு நாற்பத்துமூன்று வயது ஆகிவிட்டது. பெட்டியில் இடமில்லாமல் விரிப்புகளைக் கட்டிலுக்கு அடியில் வைக்க ஆரம்பித்திருந்தேன்.

இங்கே மலையைக் குடைந்து ஒயின் நிலவறைகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அக்டோபரில் திராட்சைச் சாறு நுரைத்துப் பொங்கும்போது உள்ளே கெட்ட காற்று தேங்கும். அதனால் கையில் மெழுகுவர்த்தி இல்லாமல் யாரும் இறங்க மாட்டார்கள். மெழுகுவர்த்தி அணைந்தால் திரும்பி ஓடிவந்துவிட வேண்டும். தோன் எலாதியோவின் பிறந்தநாளுக்கு நான் நல்ல டார்ச் விளக்கு ஒன்று பரிசளித்தேன். ஜெர்மனியில் செய்தது. அவருக்கு ஒரே சந்தோஷம், காலத்துக்கேற்ற மனுஷர். டார்ச் அணையாது. நிலவறையின் காற்றுத் துளையைச் சாக்கால் அடைத்ததும் நான்தான். அதை நேற்று சொல்ல மறந்துவிட்டேன்.

அப்புறம் யார் மேயராக வரலாம் என்பதை நானே கொஞ்சம் முயற்சி எடுத்துப் பார்த்தேன். எப்போதும் விதியையே நம்பிக்கொண்டிருக்க முடியாதல்லவா. எங்கள் ஊரில் கால்வா என்று ஒரு விளையாட்டு உண்டு. கொம்பு மாதிரி வளைந்த மரத்துண்டைத் தரையில் நிறுத்தி, பதினான்கு மீட்டர் தூரத்திலிருந்து உருளைக்கல்லால் அடிக்க வேண்டும். அதில் ஆண்களையெல்லாம் தோற்கடிக்கிறவள் பள்ளிக்கூட ஆசிரியை ரெமேதியோஸ். நான் அவளுக்காக வீடு வீடாக ஏறி இறங்கினேன். மதுக்கடையில் ஆண்கள் முணுமுணுத்தார்கள். "பொம்பள எறியற சாவியில எந்தக் காளைடா வெளிய வரும்?" என்று செருப்புத் தைக்கிறவர் கேட்டார். "உங்க வீட்டுல பொம்பள எறியற தட்டுக்கு நீங்க வெளிய வரலையா?" என்று கேட்டேன். அந்தத் தெருவில் அத்தனை ஓட்டும் விழுந்தது. வால்டெகோர்சாவின் முதல் பெண் மேயர். பெண்கள் முன்னேற்றத்துக்கு என்னால் ஆனது அது. அதையும் வாக்குமூலத்தில் சேர்த்தால் நல்லது.

எண்பத்தேழில் ரெமேதியோஸ் எறிந்தாள். நூல் பிடித்த மாதிரி வந்தது. தொப்பி ஒரு சாண் இடது பக்கம் போனது. சாவி மண்ணில் விழுந்தது.

எண்பத்தெட்டிலும் நூல் பிடித்த மாதிரி வந்தது. தொப்பி வலது பக்கம் போனது.

நான் யோசித்தேன். குதிரை. லுசேரோ என்று பெயர், துருதுருவென்ற குதிரை. பேண்டு சத்தத்தில் மிரண்டு நகர்கிறது, தொப்பியும் கூட நகர்கிறது. அந்தக் குளிர்காலத்தில் பின்வாசல் வழியாக லுசேரோவைப் பக்கத்து ஊர்த் தொத்திறைச்சிக்காரரிடம் ஓட்டிவிட்டேன். ஓடிப்போய்விட்டது என்று இலாரியோ மலையெல்லாம் தேடினார். பாவம், திரும்பி வந்தவருக்கு நான்தான் சாப்பாடு போட்டேன். தொத்திறைச்சி நன்றாக இருக்கிறது, எங்கே வாங்கினாய் என்று கேட்டார்.

புதுக் குதிரைக்கு இரண்டு காதும் கேட்காது, ஒரு கண் தெரியாது. நிறுத்திய இடத்தில் மரம் மாதிரி நிற்கும். எண்பத்தொன்பதில் சாவி வந்தபோது குதிரையின் நாலு குளம்பையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு குளம்பு அசையவில்லை. தொப்பி அசைந்தது.

அதைப் பார்த்ததும் எனக்கு மனசு கரைந்துவிட்டது, ஐயா. அவர் கை நடுங்குகிறது. இருபத்து மூன்று வருட ஆசை, ஒரு மனுஷனுக்குக் கை நடுங்காமல் என்ன செய்யும்? அவர்மேல் எனக்கு எத்தனை இரக்கம் வந்தது தெரியுமா. உதவ வேண்டியது நான்தான்.

திடலின் பழைய ஒலிபெருக்கி ஒன்று கெட்டுப்போய்க் கிடந்தது. அதன் காந்தத்தைக் கழற்றி எடுத்தேன். இலாரியோவின் தொப்பி வருடா வருடம் இறகு மாற்ற என்னிடம்தான் வரும். உள்துணியைப் பிரித்து, உச்சியில் காந்தத்தை வைத்துத் தைத்தேன். சாவி இரும்பு, முக்கால் கிலோ. தொப்பியைத் தலைகீழாகப் பிடித்தாலும் விழவில்லை. கனம் தெரியக் கூடாதென்று, இந்த வருடம் தீக்கோழி இறகு வைத்திருக்கிறேன், அதுதான் கனம் என்று சொன்னேன். ஆண்கள் இதையெல்லாம் கேட்டால் நம்புவார்கள்.

மூன்று நாளைக்கு முன்னால், இந்த வருடத் திருநாளில் நடந்ததை நீங்களே பார்த்தீர்கள். நிழல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். ரெமேதியோஸ் எறிந்தாள். தொப்பி ஒரு சாண் தள்ளிப் போனது, சாவி வளைந்து கூடவே போய் உள்ளே விழுந்தது. டக்கென்று ஒரு சத்தம். இரண்டாயிரம் பேர் இருந்த திடலில் அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது.

பிறகு அவர் தொப்பியைக் கவிழ்த்தார். சாவி விழவில்லை. உதறினார். சேணத்தில் இரண்டு தடவை தட்டினார். மறுபடி கவிழ்த்து, உள்ளே கையை விட்டு இழுத்தார். வெயில் பக்கத்தில்கூட யாரும் சீட்டி அடிக்கவில்லை. மேலே ரெமேதியோஸ் மாடத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்ன செய்வதென்று யாரும் சொல்லாததால் பேண்டுக்காரர்கள் வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஊரே பார்த்தது என்று நேற்று ஒரு மாதிரியாகச் சொன்னீர்கள். ஆமாம், ஊரே பார்த்தது. உண்மையாகவே விழுந்ததா என்று அவருக்கே நம்பிக்கை வரவில்லை, சோதித்துப் பார்த்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் பிய்த்தெடுத்துக் கொடுத்த சாவியை வாங்கிக்கொண்டு தாழ்ப்பாளை இழுக்கும்போது கீல் கத்தவில்லை.

மறுநாள் காலை பாதிரியாரிடம் போய் நவம்பர் பத்தாம் தேதி கேட்டேன். பதினொன்று மார்த்தீன் திருநாள், எல்லா வீட்டிலும் பன்றி அறுப்பார்கள், ஆட்கள் கிடைக்க மாட்டார்கள். கல்யாணத்துக்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்றார். நியாயம்தான், செய்தேன். மேயர்களை ஒவ்வொருவராகச் சொன்னேன், குதிரையையும் சொன்னேன். கூண்டுக்குள் ஜெபமாலை கீழே விழுகிற சத்தம் கேட்டது. பிறகு, உங்களிடம் வந்து சொன்னால்தான் மன்னிப்பு என்றார். அதனால்தான் வந்தேன். யாரும் என்னைப் பிடித்துக்கொண்டு வரவில்லை. சுத்தமான மனசோடு கல்யாணம் செய்துகொள்ள வேண்டும். நவம்பர் பத்துக்குள் இந்தக் காகித வேலை முடியுமா என்று மட்டும் பாருங்கள்.

ரெமேதியோஸுக்கு ஆபத்து உண்டா என்று கேட்டீர்கள். அவளுக்கு என்ன ஆபத்து? அவள் கையில் ஒரு குறையும் இல்லை.

நேற்று நீங்கள் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தபோது இலாரியோ வந்தார். காவலர் உள்ளே விட்டார். ரோஸ்கியா பொட்டலம் ஒரு கையில், தொப்பி இன்னொரு கையில். உள்துணி கிழிந்து தொங்கியது.

"இதை நீதான் தெச்சியா?" என்றார்.

"ஆமா. நூல் தெரியுதா?"

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். காதோரம் எல்லாம் நரைத்துவிட்டது அவருக்கு. பாதிரியார் ஒன்றும் சொல்லக் கூடாது, சொல்லவுமில்லை. ஆனால் ஊரில் மூன்று மேயர்களின் பெயர் அடிபடுகிறதாம். நிஜமா என்று கேட்டார். நிஜம்தான் என்றேன். எதற்காக என்று கேட்டார். நமக்காகத்தானே என்றேன். அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். இத்தனை பெரிய அன்பை ஒரே நாளில் தாங்கிக்கொள்ள ஆண்களால் முடியாது. நான் காத்திருந்தேன். எனக்கு அது பழக்கம்.

கொஞ்ச நேரம் கழித்து நானே எடுத்துக்கொடுத்தேன். "சாவிதான் விழுந்தாச்சே. இத்தனை வருஷமா கேக்கணும், கேக்கணும்னு வந்தீங்களே. இப்பக் கேளுங்க."

வழக்கம்போல வாயைத் திறந்து மூடினார். இந்தத் தடவை நான் பொத்தவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு, கல்யாணப் பெண் எப்படி இருக்க வேண்டுமோ அப்படித் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்டார். தொப்பியைப் பெஞ்சில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை, ஐயா. ஒரு பெண் உடனே சரி என்று சொல்லிவிடக் கூடாது, நவம்பர் வரைக்கும் நேரம் இருக்கிறது. அவர் கேட்டதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், அதோடு வாக்குமூலத்தை முடித்துக்கொள்ளலாம்.

"எனக்காகக் காத்திருக்காத, பிரிமி. முதல் வருஷமே இதைத்தான் கேக்க வந்தேன்."